மழை வந்ததும் கேட்பேன்

டூசான், அரிசோனா
ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐலி எழுதுவது. நான் நலம். அம்மா தன் மணிக்கட்டில் போட்ட கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள் என்று போனில் சொன்னாள். பிரித்த கையோடு ரொட்டி மாவு பிசையக் கிளம்பிவிடுவாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் படியில் இன்னும் பனிக்கட்டி இருக்கிறதா? இருந்தால் உப்பைத் தூவுங்கள், இடித்து உடைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய தாள் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வெள்ளைத் தாள், நடுவில் மேலிருந்து கீழே அளவுகோல் வைத்து இழுத்த கோடு. ஒரு பக்கம் 'நல்லது', மறு பக்கம் 'கெட்டது'. அடியில் உங்கள் கையெழுத்தில், "ஓய்வுக்கு அப்புறம் பாலைவனத்துல வந்து இருக்கிறது சரிவருமான்னு அம்மா கேக்கிறா. நீ படிச்சவ. நேர்மையா நிரப்பி அனுப்பு. அவசரமில்ல." அவசரமில்லை என்பதற்குக் கீழே இரண்டு கோடு. உறைக்குள் திருப்பி அனுப்ப ஒரு தபால்தலை வேறு. அவசரமில்லாதவர் தபால்தலை வைப்பாரா அப்பா?

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் எதற்கு என்று நம் மூவருக்கும் தெரியும். எத்தனை டிகிரி, எத்தனை அங்குலம் பனி, கார் ஸ்டார்ட் ஆனதா, சரி வைக்கட்டுமா. அதற்கு மேல் யாராவது எதையாவது சொன்னால் மற்ற இருவரும் இருமுவோம். அதனால் கடிதம்.

தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் எழுதியதெல்லாம் தலைப்புகள்தான். விவரம் இங்கே.

கெட்டதிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நீங்கள் இருவரும் இங்கே வந்து பார்த்தது பிப்ரவரி. பிப்ரவரியில் இந்த ஊர் விருந்தாளி வந்த வீடு மாதிரி நடந்துகொள்ளும். வாசலில் ஆரஞ்சு, சட்டைக்கு மேல் ஒரு மெல்லிய கம்பளிச்சட்டை போதும், சாயங்காலம் மலை இளஞ்சிவப்பு. மே மாதம் விருந்தாளிகள் எல்லாம் வடக்கே போனதும் அதன் சொந்த முகம் தெரியும். ஜூனில் நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட். நான் காரில் பழைய அடுப்புக் கையுறை ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், ஸ்டீயரிங்கைப் பிடிக்க. குழாயில் குளிர்ந்த தண்ணீர் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். விடிந்து இரண்டு மணி நேரம் நடக்கலாம், கடைக்குப் போகலாம். அதன் பிறகு திரையை இழுத்துவிட்டு உள்ளே. நீங்கள் ஜனவரியில் எப்படி வீட்டுக்குள் அடைந்து ஜன்னல் ஜன்னலாக நடப்பீர்களோ, அப்படியே இங்கே ஜூனில் நடப்பீர்கள்.

காபிக் கடையில் உங்கள் சினேகிதர் கோர்டி சொன்னதாகத் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள், "நாம சானாவுல உக்காந்து வளர்ந்த ஆளுங்க, நமக்கு வெயில் ஒரு வெயிலா" என்று. கோர்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சானாவின் நீராவி அறையில் வேர்த்துக் கொட்டி, கதவைத் திறந்தால் வெளியே ஏரி இருக்கும். இங்கே கதவைத் திறந்தால் வெளியேயும் சானா. அவர் குதிக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, புழுதி. இங்குள்ள மண்ணில் ஒரு பூஞ்சை உண்டு. காற்றடிக்கும்போது மூச்சில் போய் நெஞ்சில் தங்கிக் காய்ச்சல் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சளி மாதிரி வந்து போய்விடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். வயதானவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இங்கே வந்த முதல் வருடம் வந்தது. உங்களிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னேன். ஆறு வாரம் இருந்தது. இப்போது நெஞ்சுப் படத்தில் ஒரு சின்னத் தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. நேர்மையாக நிரப்பச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். தாண்டமாட்டீர்கள் என்று தெரியும்.

மூன்றாவது தண்ணீர். இங்கே குடிவர நினைக்கிற எல்லோரும் என் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கிற கேள்வி அதுதான். நான் ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் பார்க்கிறவள். மூடியைத் திறந்து, அளவு நாடாவின் நுனியை உள்ளே இறக்கிக்கொண்டே இருப்பேன். நூறு அடி, இருநூறு அடி, சில இடங்களில் அதற்கும் மேல். நுனி தண்ணீரைத் தொட்டதும் கையில் நாடா சுற்றியிருக்கும் உருளை 'பீப்' என்று கத்தும். எதிர்க்கரை தெரியாத ஏரி முன்னால் வளர்ந்தவளுக்கு இது ஒரு வேலை. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, கூட வந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். மீதித் தண்ணீர் மலைகளைத் தாண்டி வாய்க்காலில் வருகிறது. உங்கள் காலத்துக்குக் குழாயில் வரும். என் காலத்துக்கு யாரும் சத்தியம் செய்து தரமாட்டார்கள்.

அப்புறம், தாளில் எழுத வார்த்தை கிடைக்காத ஒன்று. இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. நம் ஊர் டூ ஹார்பர்ஸில் நீங்கள் கடைக்குள் நுழைந்தால், "டேல், இந்த வருஷம் எங்க தெருவ மறந்துட்டியே" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். முப்பத்தோரு வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி எல்லார் வாசலையும் திறந்துவிட்டவர் நீங்கள். இங்கே நீங்கள் தொப்பி போட்ட இன்னொரு வடக்கத்திக் கிழவர். அம்மாவுக்குப் புதன்கிழமை சர்ச்சில் எல்லோரும் கூடிக் குடிக்கும் காபி இருக்காது. உங்கள் மீன்பிடிக் குடிசையை எந்த உறைந்த ஏரியின் மேல் இழுத்துக்கொண்டு போய் வைப்பீர்கள்? அதை விற்கமாட்டீர்கள். கொண்டுவந்தால் என் வீட்டு வாசலில், கள்ளிச்செடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி நல்லது.

தரை. வருடம் முழுவதும் கால் வைத்தால் கால் வைத்த இடத்திலேயே இருக்கும் தரை. இங்கிருந்து நீங்கள் திரும்பிப்போன பத்தாம் நாள் அம்மா படியில் வழுக்கி விழுந்தாள் என்று போன் வந்தபோது, நான் ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த மண்ணைக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மாவின் விரல்கள். ஊறுகாய் பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? வந்த ஐந்தாம் நாள் அவளே மூடியைத் திருகித் திறந்தாள். வீட்டில் பனிக்காலம் முழுவதும் அவள் விரல்கள் மடங்காது, நீங்கள்தான் திறந்து தருவீர்கள். நீங்களும் நானும் பார்க்காதது மாதிரி இருந்தோம். அவளும் திறக்காதது மாதிரி மேசைமேல் வைத்தாள்.

உங்கள் நெஞ்சு. டாக்டர் பனி அள்ளக்கூடாது என்று சொன்னதும், நீங்கள் அம்மாவிடம் "அள்ளலியே, தள்ளத்தானே செய்யறேன்" என்று சொல்வதும் எனக்குத் தெரியும். இங்கே அள்ளவும் ஒன்றுமில்லை, தள்ளவும் ஒன்றுமில்லை. இதய டாக்டர் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். உங்களுக்கு அங்கே ஒரு மணி நேரம், அதுவும் சாலை திறந்திருந்தால். சாலையைத் திறந்துவிட இப்போது நீங்கள் வண்டியில் இல்லை.

ஆரஞ்சு. 'மோசமில்ல' என்று சொல்லிக்கொண்டே ஒரே மதியத்தில் ஆறு தின்றீர்கள்.

கடைசியாக, மழை. அதை நீங்கள் பார்க்கவில்லை. ஜூலையில் ஒருநாள் மதியம் தெற்கே மேகம் ஏறும். முதலில் வாசனைதான் வரும். இங்கே எங்கும் ஒரு புதர் இருக்கிறதே, நீங்கள்கூட இலையைக் கசக்கி மோந்துவிட்டு "தார் ரோடு மாதிரி இருக்கு" என்றீர்களே, அதன் வாசனை. நீங்கள் அதைச் சொன்னபோது உங்கள் குரலில் ஒரு பாசம் இருந்தது. அந்த வாசனை ஊர் முழுவதும் எழும்பும். அப்போது எங்கள் தெருவில் எல்லாக் கதவும் திறக்கும். மற்ற ஊர்களில் மழைக்கு உள்ளே ஓடுவார்கள், இங்கே வெளியே ஓடுவார்கள். மூன்று மாதமாகத் திரைக்குப் பின்னால் கிடந்த ஜனங்கள் தெருவில் நனைந்துகொண்டு நிற்பார்கள். என்னைப் போலப் பேசத் தெரியாதவளிடம்கூட அன்றைக்கு யாராவது பேசுவார்கள்.

தாளில் இவ்வளவுதான். கூட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. படித்தவளாக என்னால் இதற்குமேல் எழுத முடியாது. 'நீ படிச்சவ' என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மேசையின் எதிர்ப்பக்கம் தனியாக ஒரு நாற்காலி போட்டது மாதிரி இருக்கிறது அப்பா. மரியாதைக்காகத்தான் போடுகிறீர்கள், தெரியும். அங்கிருந்து எழுந்து உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

பக்கத்து வீட்டு ஒஃபீலியாவை நினைவிருக்கும், பள்ளி பஸ் ஓட்டுகிறவர். நீங்கள் வந்த மூன்றாம் நாள் ஒரு தட்டு நிறையத் தமாலே எடுத்துக்கொண்டு வந்தார். சோளத்தோகையைப் பிரித்தால் ஆவி பறக்கும், உள்ளே மிளகாயில் வெந்த பன்றிக்கறி. உங்கள் மூக்கு தட்டின் பக்கமே இருந்தது. ஒஃபீலியா, "சாப்பிடுங்க சார், இப்பத்தான் இறக்கினேன்" என்றார். நீங்கள், "அய்யய்யோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றீர்கள். அவர் "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டார்.

உங்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். கதவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "போயிட்டாங்க," என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது தடவ கேக்கவே இல்லையே." அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்விட்டாள். மறுநாள் ஒஃபீலியா என்னிடம், "உங்கப்பாவுக்கு வயிறு சரியில்லையாம்மா? பாவம், வாய்க்கு ருசியா ஒண்ணும் தின்ன முடியல போல" என்று கேட்டார். நம் ஊரில் முதல் இரண்டு வேண்டாம் கணக்கில் சேராது, மூன்றாவது தடவை கேட்டால்தான் கை நீட்டுவோம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நான் இங்கே முதல் வருடம் ஹாஸ்டலில் இப்படி எத்தனையோ பீட்சாவை இழந்திருக்கிறேன். பிறகு முதல் தடவையே சரி என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது.

ஏனென்றால், நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மதியச் சாப்பாட்டில் நான் கேட்டேன். "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்களேன்" என்று. நீங்கள், "சேச்சே, உனக்கு எதுக்குச் சிரமம். நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றீர்கள். நான் "சரிப்பா" என்று சொல்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தட்டோடு போனேன் அப்பா. ஒஃபீலியா மாதிரியே. ஆறு வாரம் எனக்கு இது உறைக்கவில்லை. உங்களுக்கு வர விருப்பமில்லை என்றே நினைத்துக்கொண்டு, வேலைக்குப் போய்க் கிணறு அளந்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தாள் வந்த பிறகுதான், வேண்டாம் என்று சொன்னவர் எதற்கு நடுவில் கோடு போடுகிறார் என்று தோன்றியது.

அதனால் இப்போது இரண்டாவது தடவை கேட்கிறேன். இங்கே வந்துவிடுங்கள். நீங்கள் மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், தெரியும். அதற்காகக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . . . . . . . . . . . .

சொல்லியாயிற்றா?

மூன்றாவதையும் இப்போதே கேட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒன்று தடுக்கிறது. அம்மா பிப்ரவரியில் பாத்திரம் துடைக்கும்போது சொன்ன ஒரு விஷயம். நான் பட்டம் வாங்கிய அன்று கார் நிறுத்தும் இடத்தில் நீங்கள் என்னிடம், "ஊருக்கு வந்துடறியா" என்று கேட்டீர்கள். பார்க்கலாம் என்றேன். அந்த வருடம் அக்டோபரில் முதல் பனி விழுந்தபோது போனில், "இங்க கவுண்டி ஆபீஸ்லயும் தண்ணி வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்" என்றீர்கள். பார்க்கலாம் என்றேன். அதன் பிறகு நீங்கள் கேட்கவேயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போன் அடித்தால் இன்றைக்குக் கேட்பார் என்று நினைப்பேன். நீங்கள் பனி எத்தனை அங்குலம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். நான் வராததில் உங்களுக்கு அவ்வளவு வருத்தமில்லை போல என்றுகூட நினைத்தேன். அந்த வேலை விளம்பரத்தை நீங்கள் வெட்டி அடுக்களை இழுப்பறையில் வைத்திருந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். ஏன் திரும்பக் கேட்கவில்லை என்று அம்மா உங்களைக் கேட்டாளாம். "மூணாவது தடவ கேட்டா அவ வந்துடுவா, மார்லிஸ். கேக்கமாட்டேன்" என்றீர்களாம்.

ஆமாம், வந்திருப்பேன். வந்து, நல்லபடியாகவும் இருந்திருப்பேன். ஆனால் என் கிணறுகள் எனக்குப் பிடிக்கும் அப்பா. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை, நீங்கள் மட்டும் எப்படியோ தெரிந்துவைத்திருந்தீர்கள்.

எனவே நானும் அவசரப்பட்டுக் கேட்டு உங்களைக் கட்டிப்போட மாட்டேன். ஒன்று செய்யுங்கள். ஜூன் கடைசியில் வாருங்கள். எல்லோரும் ஓடிப்போகும் நேரத்தில், இந்த ஊர் தன் மோசமான முகத்தோடு இருக்கும்போது வாருங்கள். அடுப்புக் கையுறை இன்னொரு ஜோடி வாங்கி வைக்கிறேன். திரையை இழுத்துவிட்டுச் சீட்டு விளையாடலாம். பிடிக்கவில்லை என்றால் மழைக்கு முன்பே கிளம்பிவிடுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன், நீங்களும் ஒன்றும் மறுத்ததாகாது. வீடு அங்கேயே இருக்கும், மீன் குடிசையும் இருக்கும். ஆனால் முதல் மழை வரும்போது நீங்கள் இருவரும் எங்கள் தெருவில் நின்றால், நான் மூன்றாவது தடவை கேட்பேன். யோசித்து நில்லுங்கள்.

ஒஃபீலியாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "மூணு தடவையா? பட்டினி கிடக்க இது நல்ல வழிதான்" என்றார். ஆனாலும் அடுத்த முறை மூன்று தடவை கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது தடவை நீங்கள் வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தங்கள். படிக்கு உப்பு.

உங்கள் அன்பு மகள்,
ஐலி


டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
மே 2

அன்புள்ள ஐலிக்கு,

கடிதம் கிடைத்தது. மோசமில்லை. அம்மா மூன்று முறை படித்தாள். காய்ச்சல் பத்தியைத் தாண்டவில்லை. அதைப் பற்றி அவள் உன்னிடம் தனியாகப் பேசுவாள், தயாராக இரு.

கட்டு பிரித்தாயிற்று. ரொட்டி போட்டாள். இங்கே நாற்பத்தெட்டு டிகிரி, ஏரியில் கரையோரம் மட்டும் கொஞ்சம் பனி மிதக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகிறது.

நீ விட்டிருந்த வரியில் பேனாவால் எழுதிவிட்டேன், ஆனாலும் முறையாகச் சொல்ல வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். வேண்டாம் ஐலி, உனக்கு எதுக்குச் சிரமம். நாங்க நல்லாத்தான் இருக்கோம்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி மதியம் வருகிறோம். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. மழை எந்தத் தேதிக்கு வரும் என்று அம்மா கேட்டாள், அதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். கோர்டி தன் நீச்சல் கால்சட்டையை எனக்குக் கடன் தருவதாகச் சொல்கிறான், வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

உன் கிணறுகளில் ஒன்றைக் காட்டு. அந்தச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழை வரும்போது வேலையில் இருந்தால் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. கேட்க மறந்துவிடாதே.

அப்பா